ஒப்பீட்டுக் கன்னம்

பாலைப் புளிக்க விடுவதற்கு ஒரு சபை வேண்டும் என்று நெடுந்தீவில் யாரும் நினைத்ததில்லை. அதுவரை பால் தானாகவே புளித்துக்கொண்டிருந்தது.

எழுபத்து நாலாம் ஆண்டளவில் வெளிநாட்டு முகக்களிம்புகள் கப்பலில் வருவது நின்றுபோயிற்று. கொழும்பில் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் முகங்களில் பரு வந்ததும் அது நாட்டின் பிரச்சினையாயிற்று. புளித்த பாலில் உள்ள இலற்றிக் அமிலம் மென்மையானது, தோலின் இறந்த மேற்படையை மெல்லக் கழற்றும், மயிர்க்குழிகளின் அடைப்பை நீக்கும், ஆகையால் பரு வரும் முகத்துக்கு நல்லது என்று யாரோ ஒருவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். குறிப்பில் பிழை ஒன்றும் இல்லை. பிறகு அதன் மேல் ஒரு சபை கட்டப்பட்டது.

சபையின் பெயர் தீவக மென்னமில முகநீர் அபிவிருத்திச் சபை. மாடுகள் அதிகம் உள்ள தீவு என்பதால் அதன் நிலையம் நெடுந்தீவில் இறங்குதுறைக்குப் பக்கத்தில் அமைந்தது. பணிப்பாளராக நாரந்தனை வைத்திலிங்கம் வந்தார். அவர் அதற்கு முன் உர விநியோகத்தில் இருந்தவர். உரமும் அமிலமும் சாக்கிலும் போத்தலிலும் வருகிற சாமான்கள்தானே என்று அவரை மாற்றியிருந்தார்கள்.

வந்த அன்றே அவர் வாசலில் ஒரு சிவப்புப் பலகை மாட்டுவித்தார். ‘அபாயம்! அமிலம்!’ என்று அதில் எழுதியிருந்தது. பலகைக்குக் கீழே வரிசையாக மண் நிரப்பிய வாளிகள். தீவின் பசுக்கள் அந்த நிழலில் படுத்து அசைபோட்டன. அவற்றின் மடியில்தான் அபாயத்தின் மூலப்பொருள் இருந்தது. அவற்றுக்குப் பலகை ஒன்றும் மாட்டப்படவில்லை.

முகநீர் தயாரிக்கும் முறை இதுதான். காலையில் தீவில் கறந்த பால் நிலையத்துக்கு வரும். ஆனால் ஊர்காவற்றுறை உபகாரியாலயத்தின் முத்திரை இல்லாத பாலைச் சபை தொடக்கூடாது. ஆகவே இன்னாசித்தம்பியின் மோட்டார் வள்ளத்தில் பால் ஊர்காவற்றுறைக்குப் போகும். அங்கே மூடியில் முத்திரை குத்துவார்கள். பால் அதே வள்ளத்தில் திரும்பி வரும். போகும்போதும் வரும்போதும் வெயில். இறங்குதுறைக்கு வந்து சேரும்போது பால் நன்றாகப் புளித்திருக்கும். கொழும்புக்குப் போன அறிக்கையில் இதற்குக் ‘கடல்வழிப் புளிப்பாக்கல்’ என்று பெயர்.

ஒருநாள் வள்ளம் வேளைக்கே வந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் பால் பாலாகவே இருந்தது. பணிப்பாளர் இன்னாசித்தம்பியைத் தன் அலுவலகமான கந்தோருக்குக் கூப்பிட்டார்.

“என்ன இது?”

“பால், ஐயா.”

“அது தெரியுது. ஏன் புளிக்கேல்லை?”

“காத்து வாய்ச்சுது, ஐயா. கெதியா வந்திட்டன்.”

“ஆரைக் கேட்டு வாய்ச்சது?”

இன்னாசித்தம்பி கடலைப் பார்த்தான். அன்றிலிருந்து காற்று நல்லாக இருக்கும் நாட்களில் அவன் வள்ளத்தைத் துறைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்வான். அதற்கு அவனுக்குக் காத்திருப்புப் படி கிடைத்தது. ‘ஆரைக் கேட்டு வாய்ச்சது’ என்ற பேச்சு மட்டும் தீவு முழுக்கப் பரவிவிட்டது. வலையில் மீன் நிறையப் பட்டாலும் கேட்டார்கள், பசு கிடாரிக்கன்று போட்டாலும் கேட்டார்கள்.

ஜசிந்தா அந்த நிலையத்துக்குப் போத்தல்களில் பெயர் எழுதும் வேலைக்குத்தான் விண்ணப்பித்தாள். இருபது கடந்தவள். விஞ்ஞானப் பாடங்கள் படித்துத் தேறியவள். தாதிப் பயிற்சிக்கு எழுதிப்போட்டுவிட்டு அழைப்பு வரும்வரை சும்மா இருக்கக்கூடாது என்று வந்திருந்தாள். அவளுடைய இரண்டு கன்னங்களிலும் பரு. மாதா கோயிலில் கடைசி வரிசையில் இருப்பாள். யாரும் பேச்சுக் கொடுத்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவாள்.

“சான்றிதழ் கொண்டுவந்தனான், ஐயா.”

“அதை வையும். முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பும்,” என்றார் பணிப்பாளர்.

திருப்பினாள்.

“மற்றப் பக்கம்.”

திருப்பினாள். பணிப்பாளர் கதிரையை விட்டு எழும்பினார். இலிகிதர் செல்வரத்தினத்தைக் கூப்பிட்டார்.

“செல்வரத்தினம், இதைப் பாரும். ரெண்டு பக்கமும் ஒரேயளவு. என்ன ஒழுங்கு!”

“அரசாங்கத்துக்கெண்டே போட்ட மாதிரி இருக்கு, சேர்.”

அந்த முகத்தை அவளுக்கு முன்னால் இதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் “ஓம்” என்றாள். அவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். நியமனக் கடிதத்தில் ‘முகம், தரம் மூன்று’ என்று இருந்தது.

வீட்டில் தாய் அன்னமுத்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“முகமெண்டு ஒரு உத்தியோகமோ? அப்ப அங்கை போய் நீ என்ன செய்யிறது?”

“இருக்கிறதுதானம்மா.”

“அதுக்குச் சம்பளமோ?”

“ஓம்.”

அன்னமுத்து பசுவின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். “எடியே, நீயும் ஒருக்கா எழுதிப்போட்டுப் பார்,” என்றாள்.

வேலை தொடங்கிய அன்று பணிப்பாளர் ஒரு சிறு உரை ஆற்றினார். கேட்பதற்கு ஜசிந்தாவும் செல்வரத்தினமும் பியோன் சின்னக்குட்டியும் இருந்தார்கள். வலது கன்னத்தில் முகநீர் பூசப்படும், இடது கன்னத்தில் ஒன்றும் பூசப்படாது, இடதுதான் ஒப்பீட்டுக் கன்னம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அமிலத்தின் பலன் தெரியும் என்றார். அதுவரைக்கும் அவர் சொன்னது சரி. ஜசிந்தாவே பள்ளிக்கூடத்தில் அவரை விதைகளை வைத்து அப்படி ஒரு பரிசோதனை செய்திருக்கிறாள். அவரை விதைகளுக்கு யாரும் நியமனக் கடிதம் கொடுக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

நெற்றியிலிருந்து மூக்கு வழியாக நாடிவரை ஊதா மையால் ஒரு கோடு இழுக்கப்பட்டது. மூக்குக்கு வந்ததும் தகராறு வந்தது. மூக்கு நுனியில் ஒரு பரு இருந்தது. மூக்கு வலதைச் சேர்ந்தது என்று பணிப்பாளர் எழுதினார். இடதைச் சேர்ந்தது என்று ஊர்காவற்றுறை உபகாரியாலயம் எழுதியது. விஷயம் கொழும்புக்குப் போயிற்று. ‘மேற்படி மூக்கைத் தற்காலிகமாக நடுநிலையில் வைத்திருக்கவும்’ என்று பதில் வந்து சேர்ந்தபோது அந்தப் பரு உலர்ந்து உதிர்ந்துவிட்டது. மூக்குக்கென்று ஒரு கோப்பு மட்டும் தங்கிவிட்டது.

முகநீர் பூசுவது ஒரு பூசை மாதிரி நடக்கும். பணிப்பாளர் இறப்பர்ச் சப்பாத்தும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்பார். சின்னக்குட்டி மண்வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். செல்வரத்தினம், “இப்போது அமிலம் பூசப்படுகிறது,” என்று உரத்து வாசிப்பார். ஜசிந்தா தண்ணீர் கலந்த தயிர்த்தெளிவில் பஞ்சைத் தோய்த்து வலது கன்னத்தில் ஒற்றுவாள். சற்றுப் பொறுத்துக் கழுவுவாள். பணிப்பாளர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்.

மிஞ்சிய தெளிவை அழித்துவிட வேண்டும் என்பது விதி. சின்னக்குட்டி அதைப் பின்பக்கம் கொண்டுபோய் உப்பும் பச்சைமிளகாயும் வெங்காயமும் வெட்டிப்போட்டு அழித்துவந்தான். ஒருநாள் பணிப்பாளர் கண்டுவிட்டார்.

“டேய், நீ குடிச்சது அமிலம். விளங்குதே?”

“ஓம், ஐயா. இண்டைக்குக் கொஞ்சம் உப்புக் குறைஞ்சு போச்சு.”

வலது கன்னம் தெளியத் தொடங்கியது. உடனே அல்ல. மென்மையான அமிலம் மெல்லத்தான் வேலை செய்யும். அளவாகப் பூசி, கழுவி, நகத்தால் நோண்டாமல் பொறுத்திருந்தால் போதும். அந்த ஒரு காரியத்தை நிலையம் சரியாகச் செய்தது. அதைச் செய்தவள் ஜசிந்தா. முதலில் சிவப்புக் குறைந்தது, பிறகு மேடு குறைந்தது, பிறகு ஒருநாள் கண்ணாடியில் வலது பக்கம் மட்டும் வேறொரு பெண்ணுடையது மாதிரி இருந்தது. கோயிலில் இரண்டு வரிசை முன்னுக்கு வந்தாள். ஆனால் இடது பக்கம் சுவரோடு இருக்கிற மாதிரிப் பார்த்துத்தான் இருந்தாள்.

கொழும்பிலிருந்து செயலாளர் வந்து ‘முன்’ என்ற பூசாத இடதையும் ‘பின்’ என்ற பூசிய வலதையும் பார்வையிடுவார் என்று அறிவிக்கப்பட்டது. பணிப்பாளர் வாழைமரம் கட்டுவித்தார். செயலாளர் வரவில்லை, கடல் கொந்தளிப்பு. மறுபடி வாழைமரம். எரிபொருள் இல்லை. மறுபடி வாழைமரம். செயலாளரே மாறிவிட்டார். புதியவருக்கு முகநீர் என்றால் என்ன என்று முதலிலிருந்து எழுதவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் இடது கன்னம் உள்ளபடியே இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது.

இந்த நிலையில்தான் தாதிப் பயிற்சிக்கான அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் நேர்முகப் பரீட்சை. அதோடு வைத்தியப் பரிசோதனையும். தோல் நோய் உள்ளவர்கள் தெரிவுசெய்யப்படமாட்டார்கள் என்று அடியில் அச்சடித்திருந்தது. போன முறை அனலைதீவுப் பிள்ளை ஒருத்தியைப் பருவுக்காகவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். நோயாளிகள் பயப்படுவார்களாம். அடுத்த முறை என்று ஒன்று ஜசிந்தாவுக்கு இல்லை. அதற்குள் வயதெல்லை கடந்துவிடும்.

அவள் பணிப்பாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, இடது பக்கத்துக்கும் பூசினால்...”

“என்ன கதைக்கிறீர்?”

“நேர்முகத்துக்குப் போகவேணும், ஐயா. ரெண்டு பக்கமும் சுகமா இருந்தால்தான் எடுப்பினம்.”

பணிப்பாளர் பேனையை வைத்தார். கோபப்படவில்லை. படிப்பிக்கிற குரலில் பேசினார்.

“பிள்ளை, நீர் படிச்ச பிள்ளை, சொன்னால் விளங்கும். உம்மடை வலது கன்னத்தாலை எங்களுக்கு என்ன பிரயோசனம்? அது சுகமாப் போச்சு. சுகமான கன்னம் நாட்டிலை எத்தினை ஆயிரம் கிடக்கு! அதிலை ஒரு சபை நிக்க ஏலுமே? சபை நிக்கிறது இடது கன்னத்திலை. நானும் செல்வரத்தினமும் சின்னக்குட்டியும் எங்கடை பிள்ளை குட்டியளும் அதிலைதான் நிக்கிறம். அதையும் சுகமாக்கினால் நாங்கள் எங்கை போறது?”

“நேர்முகத்திலை...”

“வலது பக்கத்தைக் காட்டும்.”

“ரெண்டு பக்கமும் பாப்பினம், ஐயா.”

“உந்த ஆசுப்பத்திரிக்காரரிலை எனக்குப் பிடிக்காதது அதுதான். ஒருத்தரிலையும் நம்பிக்கையில்லை.”

ஜசிந்தா நிலத்தைப் பார்த்தாள். பிறகு, “என்ரை கன்னந்தானே, ஐயா,” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது.

“ஆர் சொன்னது? செல்வரத்தினம், கந்தோர்ச் சாமான் என்னென்ன கிடக்கெண்டு வாசியும்.”

செல்வரத்தினம் எழுந்து நின்று வாசித்தார். “மேசை, கதிரை, அலுமாரி, இடது கன்னம், மண்வாளி.”

“கேட்டீரே? அலுமாரிக்கும் வாளிக்கும் நடுவிலை.”

“வலது கன்னம், ஐயா?”

“அது பாவிச்சு முடிஞ்ச சாமான்,” என்றார் செல்வரத்தினம். “அதை நீங்கள் வீட்டை கொண்டுபோகலாம்.”

அவளுடைய மனு பணிப்பாளரைக் கலக்கியிருக்க வேண்டும். இடது கன்னத்தில் இரண்டொரு பரு தானாக அடங்கியிருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். மறுநாள் முதல் பருப் பராமரிப்பு தொடங்கியது. துறையடித் தேத்தண்ணிக் கடையிலிருந்து உழுந்து வடை பொட்டலமாக வந்தது. கந்தோர் நேரத்தில் அதை அவள் தின்னவேண்டும். எண்ணெய்ச் சாப்பாட்டால் பரு வருமென்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. சபைக்கு ஆதாரம் தேவைப்படவுமில்லை.

“சூடாறுறதுக்கு முன்னம் தின்னட்டாம், தங்கச்சி,” என்று சின்னக்குட்டி பொட்டலத்தைப் பிரிப்பான்.

“எனக்கு ஏலாது, சின்னக்குட்டியண்ணை.”

“அரசாங்க வடையை எறிஞ்சால் குற்றம்,” என்று சொல்லிவிட்டு அவனே தின்பான். அவனுடைய முகம் பளபளவென்று இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஜசிந்தா குசினியில் தயிர்ச்சட்டியை எடுத்தாள். வெள்ளைத்துணியில் வடித்து, தெளிவைக் கோப்பையில் ஏந்தி, கிணற்றுத் தண்ணீரை அளவாகக் கலந்தாள். நிலையத்தில் செய்வதற்கும் இதற்கும் ஒரேயொரு வித்தியாசம் இருந்தது. இந்தத் தயிர் ஊர்காவற்றுறையைக் கண்டதில்லை.

அன்னமுத்து வாசலில் வந்து நின்றாள்.

“எடி பிள்ளை, அரசாங்கக் கன்னத்தைத் தொடப்போறியோ? மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணப்போறாய், மாதாவே!”

“இண்டைக்குக் கந்தோர் பூட்டெல்லோ, அம்மா. கன்னத்துக்கும் லீவு.”

“அப்ப திங்கட்கிழமை?”

“பின்னேரம் கந்தோர் விட்டாப் பிறகு செய்வன். காலமை எட்டரைக்குத் திருப்பிக் குடுத்திடுவன்.”

அன்னமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தப் பிள்ளை வீட்டில் கதைக்கிறதில் கால்வாசியை வெளியில் கதைத்தால் போதும் என்று அவள் மாட்டுக்குச் சொல்வதுண்டு.

இடது கன்னமும் மெல்லத் தெளியத் தொடங்கியது. அமிலத்துக்கு இடம் வலம் தெரியாது.

பணிப்பாளருக்கு முதலில் சந்தேகம் வந்தது. பிறகு நடுக்கம் வந்தது. வலது பக்கத்து அமிலம் மூக்கைத் தாண்டி இடது பக்கத்துக்குக் கசிகிறது என்று அவர் முடிவுசெய்தார். நடுநிலையில் வைத்த மூக்கால் வந்த வினை என்றார். கந்தோர் நேரத்தில் ஜசிந்தா தலையை வலது பக்கம் சரித்து வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதுவும் பலிக்கவில்லை. பழைய கோப்பு மட்டையை வெட்டி, மூக்கின் மேல் நிறுத்தி, நாடாவால் காதுகளில் கட்டிவிட்டார்கள். அவள் அந்த மட்டையோடு இருந்து போத்தல்களில் பெயர் எழுதினாள். ஒரு கண்ணுக்கு யன்னல் தெரிந்தது, மற்றக் கண்ணுக்கு அலுமாரி தெரிந்தது.

பால் கொண்டுவந்த இன்னாசித்தம்பி கேனை வைத்துவிட்டு நின்று பார்த்தான்.

“என்ன பிள்ளை, முகத்துக்கு வேலி அடைச்சிருக்கு? மாடு பூந்து மேயுதோ?”

அவள் மட்டைக்குப் பின்னால் சிரித்தாள். இரண்டு பக்கச் சிரிப்பும் ஒன்றையொன்று காணவில்லை.

செயலாளர் இந்த முறை கட்டாயம் வருவார் என்று தந்தி வந்தது. திங்கட்கிழமை. நேர்முகம் புதன்கிழமை. செயலாளர் பார்க்கும்வரை ஜசிந்தாவுக்கு லீவு இல்லை, செயலாளர் வராவிட்டால் லீவே இல்லை என்று பணிப்பாளர் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பணிப்பாளர் சவரம் செய்யும்போது தன் நாடியில் இரண்டு பருவைக் கண்டார். செயலாளரோடு படம் எடுக்கவேண்டிய முகம் அது. அவர் சின்னக்குட்டியைக் கூப்பிட்டார்.

“அந்த முகநீர் எப்பிடி, நல்லதே?”

“புளிப்புக் காணாது, ஐயா.”

“அதுதான் நானும் யோசிச்சனான். மென்மையான அமிலம் தரம் மூண்டுக்குச் சரி. பணிப்பாளர் தரத்துக்கு அது மரியாதையில்லை. ஒரு பானை தெளிவை அடுப்பிலை வைச்சு வத்தக் காய்ச்சு.”

சின்னக்குட்டி காய்ச்சினான். பானை சிரட்டையளவாக வற்றியது. பணிப்பாளர் அதை முகம் முழுக்கத் தடித்துப் பூசிக்கொண்டு, கழுவாமல், சனியும் ஞாயிறும் வீட்டு முற்றத்து வெயிலில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். எரிந்தது. எரிவது வேலை செய்கிற அடையாளம் என்று அவர் நம்பினார். உர விநியோகத்தில் இருந்தபோதும் பயிர் கருகிய தோட்டக்காரருக்கு அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை அவர் தலையில் முகம் துடைக்கிற துவாயைப் போட்டுக்கொண்டு கந்தோருக்கு வந்தார். துவாயை எடுத்தபோது செல்வரத்தினம் ஒரு அடி பின்னுக்குப் போனார். முகம் பழுத்த பனம்பழம் மாதிரிச் சிவந்து, வீங்கி, அங்கங்கே தோல் உரிந்து, இடையிடையே கொப்புளம் போட்டிருந்தது.

“என்னைப் பாக்க வேண்டாம். ‘முன்’னைப் பாரும், அந்த இடது கன்னத்தை. மட்டையை எடும்.”

செல்வரத்தினம் ஜசிந்தாவின் மூக்கிலிருந்த மட்டையை அவிழ்த்தார். வலது கன்னம் தெளிவாக இருந்தது. இடது கன்னமும் தெளிவாக இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“சேர், முன் இல்லை. ரெண்டும் பின்.”

பணிப்பாளர் கதிரையில் இருந்தார்.

“பிள்ளை, என்ன செய்தனீர்?”

“கந்தோர் நேரத்திலை ஒண்டும் செய்யேல்லை, ஐயா,” என்றாள் ஜசிந்தா.

“சிவப்பு மையாலை நாலு பொட்டு வைச்சுவிடுவமே, சேர்?” என்று செல்வரத்தினம் கேட்டார். மைப்போத்தலைத் தேடுவதற்குள் துறையில் விசைப்படகின் ஊதல் கேட்டது.

செயலாளர் வெள்ளைக் காற்சட்டையில் கடல்நீர் தெறித்த கோலத்தில் உள்ளே வந்தார். அன்று அவர் பார்க்கவேண்டிய இடங்கள் நிறைய. கையில் இருந்த தாளைப் பார்த்தார். ‘முன், பின் ஆகியவற்றைப் பார்வையிடல்’ என்று அதில் இருந்தது. ஜசிந்தாவைப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்தவரைப் பார்த்தார்.

“இது பின்,” என்றார். “அது முன். மிகவும் நன்று. இவ்வளவு தெளிவான வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவில்லை.”

பணிப்பாளர் வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே செல்வரத்தினம் அவருடைய காலை மிதித்தார். நான் பணிப்பாளர் என்று சொன்னால் முன் இல்லை. முன் இல்லையென்றால் பரிசோதனை இல்லை. பரிசோதனை இல்லையென்றால் சபை இல்லை. சபை இல்லையென்றால் பணிப்பாளரும் இல்லை. வைத்திலிங்கம் இதையெல்லாம் அந்தக் கணத்தில் யோசித்து முடித்தார். வாயை மூடினார்.

“உமக்கு எவ்வளவு காலமாக இந்தத் தொல்லை?” என்று செயலாளர் இரக்கத்தோடு கேட்டார்.

“பதவியேற்ற நாள் முதலாக, ஐயா.”

“பணிப்பாளர் எங்கே?”

“கடமையில் இருக்கிறார், ஐயா,” என்றார் செல்வரத்தினம்.

“நல்லது. அவரைக் குழப்ப வேண்டாம்.” செயலாளர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “இந்த முகத்தை நன்றாகப் பாதுகாக்கவேண்டும். கண்டியில் கண்காட்சி, பிறகு கொழும்பில் கண்காட்சி. இதைப் பார்த்தால் எந்த நிதிக்குழுவும் இல்லையென்று சொல்லாது. ஒரு துளி முகநீரும் இதில் படக்கூடாது. தவறிக் குணமாகிவிட்டால் எல்லோரும் பதில் சொல்லவேண்டி வரும். இவர் என்ன தரம்?”

“தரம்...” என்று செல்வரத்தினம் இழுத்தார்.

“தரம் ஒன்று போடவும். நிரந்தரம். அந்தப் பிள்ளை?”

“முகம், தரம் மூன்று, ஐயா.”

“குணமாகிவிட்டதே, பிறகு ஏன் வைத்திருக்கிறீர்கள்? குணமானவருக்குச் சம்பளம் கொடுத்தால் கணக்காய்வில் கேள்வி வரும். இன்றோடு விடுவிக்கவும்.” அவர் ஜசிந்தாவின் பக்கம் திரும்பினார். “வருந்தவேண்டாம், தங்கச்சி. மறுபடி பரு வந்தால் விண்ணப்பிக்கலாம்.”

“ஓம், ஐயா,” என்றாள் ஜசிந்தா. இந்த முறை அது சம்மதம் அல்ல.

செவ்வாய்க்கிழமை காலை அவள் நேர்முகத்துக்குப் போகச் சிறிய பெட்டியோடு துறைக்கு வந்தாள். அன்னமுத்து கூட வந்தாள், கையில் மகளுக்குக் கட்டிய சோறும் போத்தலில் மோரும். வள்ளத்தில் பால் கேன்கள் ஏறிவிட்டன. ஜசிந்தா ஏறிக் கேனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அப்போது துவாயால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் கல்வேலி ஓரமாக வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அன்னமுத்துவுக்குக் கிட்ட வந்தார்.

“அன்னமுத்தக்கா, உந்தப் போத்திலிலை மோரோ?”

“ஓம், ஐயா.”

“கொஞ்சம் தாருமன். முகம் எரியுது. வீட்டிலை ஒருத்தரும் தருகினமில்லை. செல்வரத்தினம் வந்து தரக்கூடாதெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டுப் போயிட்டான். என்ரை கதிரையிலை அவனெல்லோ இப்ப பதில் பணிப்பாளர்.”

அன்னமுத்து போத்தலை இடுப்புப் பக்கம் மறைத்தாள்.

“ஐயோ, ஐயா, உங்கடை முகம் இப்ப அரசாங்கத்தின்ரை எல்லோ? நான் என்னெண்டு தொடுறது?”

“என்ரை முகந்தானே, அக்கா!”

“ஆர் சொன்னது?” என்றாள் அன்னமுத்து. அவள் அதைக் குத்தலுக்குச் சொல்லவில்லை. மகள் மறியலுக்குப் போகாமல் தப்பியதே பெரிது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் சின்னக்குட்டி மூச்சு வாங்க ஓடி வந்தான். கையில் எண்ணெய் ஊறிய கடதாசிப் பொட்டலம்.

“ஐயா, இஞ்சை நிக்கிறியளே! பதில் பணிப்பாளர் தேடுறார். சூடாறுறதுக்கு முன்னம் தின்னட்டாம்.”

வைத்திலிங்கம் வள்ளத்தைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். ஒரு வடையை எடுத்தார். சின்னக்குட்டி, அவர் தின்று முடிக்கும்வரை, விதிப்படி பக்கத்தில் நின்றான். மற்ற வடைகளை அவன் தொடவில்லை. தரம் ஒன்றுக்கு வந்த வடையல்லவா.

அன்னமுத்து போத்தலையும் சோற்றையும் மகளிடம் எட்டிக் கொடுத்தாள். இன்னாசித்தம்பி கயிற்றை அவிழ்த்தான். துறையை விட்டு விலகியதும் உப்புக்காற்று ஜசிந்தாவின் முக்காட்டைத் தள்ளியது. அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னாசித்தம்பி வானத்தைப் பார்த்தான். பால் கேன்களைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“காத்து நல்லா வாய்ச்சிருக்கு, பிள்ளை. இண்டைக்குப் பால் புளியாது.”

“ஆரைக் கேட்டு வாய்ச்சது?” என்றாள் ஜசிந்தா, வள்ளத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்க.